முதல் கப்பல்: பெட்டியில் என்ன கருவிகள் வைக்கலாம்? கரையிறங்க நேரம் கிடைக்குமா?

உப்புக்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, முதல் கப்பல் ஏறப் போகிறேன். தானியம், நிலக்கரி போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியர், ஜப்பானில் கட்டியது என்பதுவரை தெரியும். எந்தத் துறைமுகத்தில் சைன் ஆன் (கப்பலில் சேர்வது) என்பது டிக்கெட் கைக்கு வந்தால்தான் தெரியுமாம்.

இதுவரை பெட்டிக்குள் போனவை: லேப்டாப், போன், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், ஸ்மார்ட் வாட்ச், நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன், சின்ன ட்ரோன், சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு, கரன்டில் ஓடும் அலாரம் கடிகாரம், ஒரு குட்டி கெட்டில். எதை வைக்க, எதை எடுக்க? உலகம் சுற்றப் போகிறவன் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நிஜமாகவே எங்காவது இறங்கிப் பார்க்க விடுவார்களா?

மின்கம்பி:
நான் ஈடிஓ, கப்பலோட மின் அதிகாரி. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்த சர்ஜ் போர்டை வெளிய எடுங்க தம்பி. கரையில வீட்டுக்கு வர்ற ரெண்டு வயர்ல ஒண்ணு நியூட்ரல், அது எர்த் ஆகியிருக்கும். கப்பல்ல பெரும்பாலும் அப்படி கிடையாது, ரெண்டு வயர்லயும் வோல்டேஜ் இருக்கும். கரைக்குன்னு செஞ்ச சர்ஜ் போர்டு ஒரு வயரை மட்டும்தான் வெட்டும். எங்கயாவது எர்த் ஃபால்ட் ஆச்சுன்னா, அதாவது கரன்ட் கப்பல் உடம்புல கசிஞ்சா, இன்னொரு வயர் வழியா கரன்ட் ஓடிக்கிட்டே இருக்கும், போர்டு சூடாகித் தீப்பிடிக்கும். அமெரிக்க கோஸ்ட் கார்டு 2013-லயே இதுக்குன்னு தனியா ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை விட்டாங்க. கேபின் சோதனைல எவனாவது பார்த்தான்னா எடுத்துட்டுப் போயிடுவான், போறதும் நியாயம்தான். சர்ஜ் இல்லாத சாதா போர்டுன்னாலும் கப்பல்ல இருக்கிற ஈடிஓவையோ எலக்ட்ரீஷியனையோ கேட்டுட்டு மாட்டுங்க.

ஜப்பான்ல கட்டின கப்பல்னா கேபின் பிளக் பாயின்ட் 100 வோல்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம், தட்டையான ரெண்டு கால் பின். கொரியாவுல கட்டினதுன்னா 220, உருண்டைப் பின். போன், லேப்டாப் சார்ஜர்ல 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கும், அது எங்கயும் ஓடும், பின் அடாப்டர் மட்டும் வேணும். ஆனா உங்க 220 வோல்ட் கெட்டிலை 100 வோல்ட்ல போட்டா அஞ்சுல ஒரு பங்கு சூடுதான் வரும். தண்ணி கொதிக்கறதுக்குள்ள உங்க வாட்ச் (டியூட்டி நேரம்) முடிஞ்சிடும். அதுவும் போக, நிறைய கப்பல்ல கேபின்ல சூடாக்குற சாமான் வைக்கவே கூடாது. மெஸ்ல இருக்கு, அங்க போய் குடிங்க.

உப்புக்காற்று:
நன்றி அண்ணா. கெட்டில் வெளியே போய்விட்டது. அலாரம் கடிகாரம்?

மின்கம்பி:
பழைய மாடல் பிளக்-இன் கடிகாரம் சிலது கரன்டோட அலைவரிசையை எண்ணித்தான் நேரம் காட்டும். 50 ஹெர்ட்ஸுக்கு செஞ்சது, கப்பல்ல 60 ஹெர்ட்ஸ். மணிக்கு 12 நிமிஷம் முந்தி ஓடும். நாலு மணி வாட்ச்சுக்கு ராத்திரி ஒரு மணிக்கே எழுந்து நிப்பீங்க, பக்கத்து கேபின்காரன் கும்பிடுவான். பேட்டரில ஓடுறது ஒண்ணு வாங்கிக்குங்க.

கீழ்த்தளத்தான்:
தேர்ட் இன்ஜினியர் பேசுறேன். கப்பல்ல உண்மையா வேலைக்கு ஆகற கருவி எல்லாம் ஒரே விஷயத்தைச் சுத்தித்தான்: தூக்கம். கண் மறைப்புத் துணி, பேட்டரி அலாரம், நல்ல காதடைப்பான், போர்ட்ஹோல் (கேபின் ஜன்னல்) திரையைச் சேர்த்துப் பிடிக்க நாலு கிளிப். இந்த நாலையும் வாங்க ஆகிற செலவு உங்க ஸ்மார்ட் வாட்ச்சோட வாருக்குக்கூட வராது.

ஹெட்போன் விஷயம். கேபின்ல மெயின் இன்ஜினோட அடித்தொண்டை உறுமலும் புளோயர் இரைச்சலும் எப்பவும் இருக்கும். புது கப்பல்களுக்கு கேபின்ல இவ்வளவுதான் இரைச்சல் இருக்கலாம்னு ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) விதியே இருக்கு. 10,000 டன்னுக்கு மேலன்னா 55 டெசிபல், அதுக்குக் கீழன்னா 60. இன்ஜின் ரூம்ல 110 வரைக்கும் போகலாம். கேபின் உறுமலை நாய்ஸ் கேன்சலிங் நல்லாவே தின்னுடும், படம் பார்க்க, படிக்க அருமை. மாட்டிக்கிட்டே தூங்குறது மட்டும் வேண்டாம், ஏழு குட்டை ஒரு நெட்டைன்னு ஆபத்து அலாரம் அடிச்சா காதுல விழணும். அப்புறம் இதை மாட்டிக்கிட்டு இன்ஜின் ரூமுக்குள்ள வராதீங்க. அங்க அதுக்குன்னு இயர் மஃப் இருக்கு, இது அதுக்கு மாற்று கிடையாது.

இரண்டாம்மேட்:
ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கேப்டன் அனுமதிப்பாரா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சுற்றிலும் எஃகு, ட்ரோனின் திசைகாட்டி குழம்பிப்போகும். அதைவிட முக்கியம், சிக்னல் அறுந்தால் அது கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். கிளம்பிய இடம் என்றால் கப்பல் அல்ல, வரைபடத்தில் ஒரு புள்ளி. நீங்கள் அந்தப் புள்ளியை விட்டு மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், ட்ரோன் சமர்த்தாக அந்த இடத்தில் கடலில் இறங்கும்.

ஸ்மார்ட் வாட்ச்சும் இதே ரகம்தான். டெக்கில் ஜாகிங் ஓடினால் கப்பல் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதாகப் பாராட்டும். ரோலிங் (பக்கவாட்டு ஆட்டம்) இருந்தால் படுத்திருக்கும்போதே காலடி எண்ணும். வேடிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனமாகச் செய்யுங்கள். மேற்கே போகும்போது கப்பல் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், கிழக்கே போனால் முன்னால். போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, நேரமண்டலத்தைத்தான் மாற்ற வேண்டும். மணியை மட்டும் கையால் திருப்பினால் போன் உள்ளே வைத்திருக்கும் உலக நேரம் தவறிவிடும். அதன்பிறகு அங்கீகாரச் செயலியில் (ஆத்தென்டிகேட்டர்) வரும் ஆறு இலக்க எண் எதிலும் ஏறாது, பாதி இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று கதவைச் சாத்தும். வைஃபை கெட்டுப்போச்சு என்று ஈடிஓவிடம் வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான்.

மின்கம்பி:
@இரண்டாம்மேட் பாதியா? முக்கால்வாசி.

அந்த ஆறு இலக்க எண்ணைப் பத்தி இன்னும் ஒண்ணு. பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ்லதான் வரும், நடுக்கடல்ல எஸ்எம்எஸ் ஏது? ஏறுறதுக்கு முன்னாடி எந்தக் கணக்குக்கெல்லாம் முடியுமோ அதையெல்லாம் அங்கீகாரச் செயலிக்கு மாத்திடுங்க, அது நெட் இல்லாமலே வேலை செய்யும். எஸ்எம்எஸ் மட்டும்தான்னு அடம்பிடிக்கிற பேங்குக்கு வீட்டுல ஒருத்தர் பேர்ல ஜாயின்ட் கணக்கு வைங்க. சிம்ல வைஃபை காலிங் இருந்தா வீட்டுல இருக்கும்போதே ஆன் பண்ணிடுங்க. அதையும் கப்பல் நெட்ல தடுத்து வைக்கிற கம்பெனி உண்டு, முழுசா நம்பாதீங்க.

உப்புக்காற்று:
கப்பலில் இப்போது ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இணையம் இருக்கிறதாமே? அப்படியென்றால் படம் எல்லாம் இறக்கிக்கொண்டு போகத் தேவையில்லைதானே?

கீழ்த்தளத்தான்:
இறக்கிக்கிட்டே போங்க. எல்லா கப்பல்லயும் கிடையாது. இருந்தாலும் மாசத்துக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு டேட்டா அளந்துதான் தருவாங்க. பழைய வகை சாட்டிலைட் நெட்டான வீசாட்னா சாட்டிலைட் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கும், "ஹலோ"ன்னா பதில் வர ஒரு மூச்சு இழுத்து விடலாம். ஸ்டார்லிங்க் 550 கிலோமீட்டர் வாக்குல பறக்குது, அதனால வீடியோ கால் ஒழுங்கா வரும். கப்பலுக்குன்னு 2022-லதான் ஆரம்பிச்சாங்க. சீனாவுல அதுக்கு உரிமம் கிடையாது, அந்தத் தண்ணிக்குள்ள போனதும் கட். அங்க போயி வாரக்கணக்கா நங்கூரம் போட்டு ஆங்கரேஜ்ல கிடக்கும்போதுதான் ஹார்டு டிஸ்க் வச்சிருக்கிறவன் அருமை தெரியும். ரெண்டு டெரா வச்சிருக்கிற கேடட்டுக்கு செகண்ட் இன்ஜினியரே கேபின் தேடி வந்து வணக்கம் வைப்பார்.

பழைய கப்பல்காரன்:
ஓய்வு பெற்ற மாஸ்டர், அதாவது கேப்டன் நான். இங்கே எல்லோரும் கேபினுக்குள் எதை வைத்துக்கொள்வது என்றே பேசுகிறீர்கள். தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நாங்கள் கடலுக்குப் போன காலத்தில் கடிதம் கம்பெனியின் துறைமுக ஏஜென்ட் கையில் வரும். வீட்டுக்குப் பேச வேண்டுமானால் துறைமுகத்துக்கு வெளியே தொலைபேசிக் கூண்டைத் தேட வேண்டும். அதற்காகவே கேங்வே (கரைக்கு இறங்கும் படி) இறங்கியதும் பாதிக் கப்பல் கரைக்குப் போய்விடும். போன இடத்தில் நடந்தோம், முடி வெட்டிக்கொண்டோம், பூங்காவில் புல்லின்மேல் உட்கார்ந்தோம். என் கடைசிக் கப்பல்களில் கேங்வே திறந்து கிடக்கும், பையன்கள் கேபினில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெஸ்ஸில்கூடப் பேச்சு இல்லை. உலகத்தின் பெரிய துறைமுகங்களுக்கெல்லாம் போய்வந்தவனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் கிரேனைத்தான் சொல்வான். இதைச் செய்தது உங்கள் கருவிகள்தான்.

கீழ்த்தளத்தான்:
கேப்டன் சார், மரியாதையோட மறுக்கிறேன். உங்க காலத்துல கப்பல் பெர்த்துல (கப்பலைக் கட்டுற இடம்) நாள்கணக்கா, சமயத்துல வாரக்கணக்கா நிக்கும். இப்ப கன்டெய்னர் கப்பல் பல துறைமுகத்துல ஒரு நாள்கூட நிக்கிறதில்ல. அந்த நேரத்துல பங்கர் (எரிபொருள்), ஸ்டோர், ஸ்பேர், சர்வேயர், இன்ஸ்பெக்ஷன், போதாததுக்கு எண்ணெயைச் சுத்தம் பண்ற ப்யூரிஃபையர் வேற அன்னிக்குத்தான் மக்கர் பண்ணும். எம்எல்சி (கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை) விதி என்ன சொல்லுது? 24 மணி நேரத்துல 10 மணி ஓய்வு, ஏழு நாள்ல 77 மணி. அந்தப் பத்தையும் ரெண்டு துண்டுக்கு மேல உடைக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்கணும். துறைமுகத்துல அந்த ஆறு மணி நேரம் கையில கிடைச்சா நான் தூங்குவேன். போன் என்னைக் கேபின்ல கட்டிப் போடல சார், அலுப்பு கட்டிப் போட்டுச்சு.

பழைய கப்பல்காரன்:
அலுப்பை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் எத்தனை மணி உண்மையில் தூங்குகிறார்கள் என்று நான் ரவுண்ட்ஸ் போகும்போது கதவின் கீழ் தெரிந்த வெளிச்சம் சொல்லும்.

போன் விஷயத்தில் இன்னொன்றையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸின் தென்கிழக்கே வாகாஷியோ என்ற பல்க் கேரியர் பவளப்பாறையில் ஏறியது. சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. கரையோரம் போன் சிக்னல் பிடிப்பதற்காகக் கப்பலை நெருக்கிக்கொண்டு போனார்கள் என்று ஜப்பானின் விசாரணை அறிக்கை சொல்கிறது. நீ பிரிட்ஜில், கப்பலைச் செலுத்தும் இடத்தில், நிற்கப்போகிறவன். வாட்ச்சில் இருக்கும்போது போன் கேபினில் இருக்கட்டும்.

கரையில்ஒருத்தி:
நான் கப்பலில் இல்லை, என் கணவர் சீஃப் குக். போன் வந்ததைக் குறை சொல்லும் கேப்டன் சாருக்கு ஒரு வார்த்தை: கூண்டிலிருந்து வரும் அந்த ஒரு அழைப்புக்காக நாள் முழுக்க வீட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது எங்கள் அத்தை தலைமுறை. அது திரும்பி வர வேண்டாம்.

ஆனால் தினமும் வீடியோ கால் வந்ததில் வேறொரு தொல்லையும் வந்தது. குழாய் ஒழுகுவது, பிள்ளைக்கு 101 டிகிரி காய்ச்சல், மாமியார் மனக்கசப்பு, எல்லாம் அந்த நிமிடமே நடுக்கடலுக்குப் போய்விடுகிறது. அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த நாள் விடியுமுன் எழுந்து இருபத்துச் சொச்சம் பேருக்குச் சமைக்க வேண்டும், தூக்கம் மட்டும் போகிறது. இப்போது நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். அவரைக் கேட்டு எடுக்கவேண்டிய முடிவு என்றால் அழைப்பு, சும்மா சொல்லவேண்டியது என்றால் குரல் பதிவு. அவர் சௌகரியப்படும்போது கேட்டுக்கொள்வார், பிள்ளை பாடுவதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். தம்பி, வீட்டுச் சுவரில் கப்பல் நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டிவிட்டுப் போங்கள். உங்கள் அம்மா நள்ளிரவில் எழுப்பமாட்டார். நெட் இல்லாத நாட்கள் வரும், அப்போது பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

உப்புக்காற்று:
அக்கா, இதை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கடிகாரத்துக்கு ஆணி அடித்தாயிற்று.

டேங்கர்_ஏபி:
பல்க்கர்னு சொல்லிட்டீங்க, ஆனா அடுத்த கான்ட்ராக்ட் எண்ணெய் ஏத்துற டேங்கரா அமையலாம். டேங்கர்ல அக்காமடேஷன் (தங்குற பகுதி) கதவைத் தாண்டி டெக்குக்கு சாதா போன், ஸ்மார்ட் வாட்ச், ஹெட்போன், எதுவும் வரக்கூடாது. கேஸ் இருக்கிற இடம், தீப்பொறிக்கு வாய்ப்பில்லாம செஞ்ச கருவிகள்தான் அனுமதி. டார்ச்கூட அப்படித்தான், கம்பெனி தரும். செல்ஃபி ஆசை உள்ளவங்க பல்க்கர்லயே முடிச்சுக்குங்க.

போசன்மாமா:
லேட்டா வந்தேன், படிச்சிட்டேன். கேப்டன், இன்ஜினியர் ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா தம்பி கேட்டது வேற. பல்க்கர்ல வாய்ப்பு இருக்குப்பா. தானியம் ஏத்துறப்ப மழை வந்தா ஹேட்ச் (சரக்கறை வாய்) மூடிட்டு நிப்போம், நாள் கூடும். அப்பப்ப இறங்கலாம். எப்படின்னு சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல வாட்ச் முடியணும், சீஃப் மேட்கிட்ட கேக்கணும். கேங்வே பக்கத்துல போர்டு இருக்கும், ஷோர் லீவ் (கரையிறங்குற நேரம்) எத்தனை மணியோட முடியுதுன்னு எழுதியிருப்பாங்க. அதை போன்ல படம் எடுத்துக்க. பெர்த் நம்பரும் ஏஜென்ட் நம்பரும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் பையில வை. போன்ல சார்ஜ் தீந்தா சீட்டு பேசும். ஷோர் பாஸ் இல்லாம கேட்டைத் தாண்டாத. டெர்மினலுக்குள்ள நடக்காத, ஷட்டில் வரும். உள்ள எதையும் படம் எடுக்காத. 2004-ல ஐஎஸ்பிஎஸ்னு கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதி வந்ததுல இருந்து செக்யூரிட்டிக்காரன் போனைப் புடுங்கிப் பாக்கறது சகஜம்.

வெளிய போனா ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சிருக்கணும், கப்பல் நிக்கிற இடத்துல ஒரு குறி போட்டு வை. டாக்ஸிக்காரனுக்கு உன் பாஷை தெரியாது, குறியைக் காட்டினா போதும். தனியாப் போகாத. ராத்திரி திரும்புற வண்டி எத்தனை மணிக்குன்னு போறப்பவே கேட்டுக்க.

சீமென்ஸ் கிளப் இருக்கான்னு பாரு. மிஷன் டு சீஃபேரர்ஸ் 1856-ல ஆரம்பிச்சது, ஸ்டெல்லா மாரிஸ் 1920-ல. மாலுமிகளுக்கு உதவுற கிறிஸ்தவ அமைப்புகள், ரெண்டும் பல துறைமுகத்துல இருக்கு. சில இடத்துல வேனே கேங்வே வரைக்கும் வரும். வைஃபை, சிம் கார்டு, பில்லியர்ட்ஸ் மேஜை எல்லாம் இருக்கும். எந்த மதம்னு கேக்க மாட்டாங்க. முக்கியமா கப்பல்ல இல்லாத ஒரு முகம் பேச்சுக் கொடுக்கும். அதுக்கே போகலாம்.

இரண்டாம்மேட்:
போசன் சொன்னதுக்குப் பக்கத்தில் சட்டத்தையும் வைத்துவிடுகிறேன். கப்பல் போக்குவரத்தை எளிதாக்கும் 1965-ன் ஃபால் உடன்படிக்கைப்படி கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது மாலுமிக்குக் கரையிறங்கும் உரிமை உண்டு, அதற்கு விசா கேட்கக்கூடாது. எம்எல்சியும் ஷோர் லீவ் கொடுக்கச் சொல்கிறது, உடல்நலத்துக்காக, கப்பல் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல். நடைமுறை வேறு. அமெரிக்காவில் மாலுமிகளுக்கான டி விசா இல்லாவிட்டால் கேங்வேயோடு சரி. விசா உள்ளவனை டெர்மினல் வழியே வாசல் வரை கொண்டுபோய் விடக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி வாங்கக்கூடாது என்று 2019-ல் அங்கே விதி வந்தது. சில எண்ணெய் முனையங்களில் யாருக்குமே அனுமதி கிடையாது, ஜன்னலிலிருந்து ஊரைப் பார்க்கலாம்.

இணையமும் இப்போது சலுகை அல்ல. 2022-ல் எம்எல்சியில் கொண்டுவந்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாலுமிகளுக்குக் கப்பலில் இணையத் தொடர்பு தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிறது. நியாயம் எவ்வளவு என்பதில்தான் கப்பலுக்குக் கப்பல் சண்டை.

பழைய கப்பல்காரன்:
ஜன்னலிலிருந்து ஊரைப் பார்ப்பது எனக்கும் நடந்திருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்: கேங்வே திறந்திருக்கும் இடத்தில் இறங்கிவிடு தம்பி. ஒரு மணி நேரமானாலும் சரி. அசையாத தரையில் நடந்துவிட்டு வந்து படுத்தால் கீழ்த்தளத்தானின் தூக்கமும் தானாக வரும்.

கீழ்த்தளத்தான்:
சார் என்னையும் இறக்காம விடமாட்டார் போல. சரி, அடுத்த துறைமுகத்துல ப்யூரிஃபையர் ஒத்துழைச்சா ஒரு நடை போறேன்.

உப்புக்காற்று:
இப்போதைய பட்டியல்: லேப்டாப், போன், ஹெட்போன், பேட்டரி அலாரம், கண் மறைப்பு, காதடைப்பான், இரண்டு டெரா ஹார்டு டிஸ்க், பின் அடாப்டர்கள். ட்ரோன், கெட்டில், சர்ஜ் போர்டு மூன்றும் வீட்டில் என் தம்பிக்குப் போய்விட்டன. பவர் பேங்க் விமானத்தில் போகுமா? சித்தப்பா ஒருவர், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கைக்கருவி ஒன்றை வாங்கித் தருகிறேன் என்கிறார்.

மின்கம்பி:
20,000 எம்ஏஎச் அப்படின்னா 3.7 வோல்ட் கணக்குல 74 வாட்-ஹவர். எல்லை 100, அதனால போகும். கையில எடுத்துப் போற பையில மட்டும்தான், செக்-இன் பெட்டியில கூடாது. மேல வாட்-ஹவர் அச்சடிக்காத மலிவு மாடல்னா செக்யூரிட்டில பிடுங்கிடுவாங்க.

இரண்டாம்மேட்:
சித்தப்பாவுக்கு நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். அனுமதியில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் குற்றம், செய்தி மட்டும் அனுப்பும் கருவிகளும் அதில் மாட்டும். விமான நிலையத்தில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். கப்பலில் அவசரத்துக்கு வேண்டிய கருவிகள் பிரிட்ஜிலேயே இருக்கின்றன. லேப்டாப், போன் எல்லாவற்றின் சீரியல் எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் சுங்கத்துக்கு உடைமைப் பட்டியல் எழுதித் தர வேண்டும். மின் சிகரெட் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே 2018 முதல் தடை.

கரையில்ஒருத்தி:
தம்பி, ஒரு எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சீஃபேரர் ஹெல்ப் என்று மாலுமிகளுக்கான இலவச உதவி அழைப்பு இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், குடும்பத்தாரும் பேசலாம். சம்பளப் பாக்கியோ மனச்சோர்வோ, எதுவானாலும். உங்கள் போனிலும் இருக்கட்டும், அம்மா போனிலும் இருக்கட்டும்.

உப்புக்காற்று:
சேமித்துவிட்டேன் அக்கா. கடைசியாக ஒன்று. படிக்க புத்தகமா, மின்நூல் கருவியா?

போசன்மாமா:
அது உன் இஷ்டம். கப்பல்ல லைப்ரரி அலமாரி இருக்கும், எப்பவோ எவனோ விட்டுட்டுப் போன பொஸ்தகம், அதுவும் பாதிப் பக்கம் இருக்காது. அதை விடு, உன் ஷூ சைஸும் பாய்லர் சூட் (வேலை உடுப்பு) சைஸும் கம்பெனிக்கு அனுப்பிட்டியா? அனுப்பலைன்னா ஸ்டோர்ல கிடக்கிறதுதான் உனக்கு.

உப்புக்காற்று:
இன்னும் இல்லை மாமா, இதோ மெயில் போடுகிறேன்.